சூட்டோடு வடிகட்டல்

அவள் போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பொறுமைசாலி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் பொய். ஒருவரைப் பற்றி நல்லது சொல்வதற்காக ஆளையே மாற்றிவிடக் கூடாது.

அவளுக்குப் பொறுமை கிடையாது. திறக்க வராத மூடி, மூடாமல் விட்ட கதவு, "ஏறக்குறைய" என்ற சொல், கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்ற பிறகு பையைத் துழாவுகிறவர்கள் எல்லாமே அவளுக்கு எரிச்சல். "ஏம்மா இப்படி எல்லாத்துக்கும் எரிஞ்சு விழற?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"பொறுமை இருக்கறவ எதுக்குடி வினையூக்கி தேடப் போறா? நடக்கும்போது நடக்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாமே" என்றாள்.

ஒரு தையற்காரர் வீட்டின் நடுப்பெண் அவள். கல்லூரியில் வேதியியல் எடுத்ததற்கு ஒரே காரணம், விண்ணப்பம் வாங்கும் இடத்தில் அந்த வரிசைதான் குட்டையாக இருந்தது. படிப்பு முடிந்ததும் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேலை. சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அங்கே லாரி பழுது பார்க்க வந்த மெக்கானிக்கை, எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனதற்காகத் திட்டினாள். அவர் திரும்பத் திரும்ப ஏதாவது ஒரு தப்பைச் செய்துகொண்டு வந்து நின்றார். அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று.

சோப்புத் தொழிற்சாலை மூடியதும் ஊருக்கு வெளியே ஒரு பயோடீசல் ஆலையில் சேர்ந்தாள். ஓட்டல்களிலும் கேன்டீன்களிலும் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய், பீப்பாய் பீப்பாயாக அங்கே வரும். அதை மெத்தனாலோடு சேர்த்துச் சூடாக்கினால் டீசலுக்குப் பதிலான எரிபொருள் கிடைக்கும். சும்மா சூடாக்கினால் எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காது. இடையில் வினையூக்கி வேண்டும். எல்லாரும் போடுவது காஸ்டிக் சோடா. அது சட்டென்று வேலையை முடித்துவிடும், ஆனால் கரைந்து உள்ளேயே இருந்துவிடும். பழைய எண்ணெயோடு சேர்ந்து நுரைநுரையாகச் சோப்பும் ஆகிவிடும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவினால் பால் போலக் கலங்கும். தெளியவிட்டு மறுபடி கழுவ வேண்டும்.

சோப்பை விட்டுவிட்டு வந்தவளுக்கு இங்கேயும் சோப்பு. "சனியன் என்னை விட்டாத்தானே" என்பாள். காஸ்டிக்கைப் பற்றி அவள் சொன்ன உவமை ஆலை முழுக்கப் பிரபலம். "தரகர்னா கல்யாணத்தை முடிச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போகணும். இது பொண்ணு மாப்பிள்ளையோடயே குடித்தனம் வந்துடுது."

குடித்தனம் வராத தரகர் ஒன்றை உருவாக்குவதாக அவளாகவே மேனேஜரிடம் சொன்னாள். திட வினையூக்கி. சிறு சிறு மணிகளாக ஒரு குழாயில் நிரப்பி வைத்தால், எண்ணெயும் மெத்தனாலும் மேலே நுழைந்து, மணிகளைத் தொட்டு, எரிபொருளாகக் கீழே வர வேண்டும். மணி மணியாகவே இருக்க வேண்டும். கழுவ வேண்டாம், சோப்பு இல்லை, கலங்கல் இல்லை. மேனேஜருக்குத் தண்ணீர் மிச்சமாகும் என்பது மட்டும் புரிந்தது. பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். ஒரு ஜன்னல், ஒரு சிறிய மின் உலை, ஒரு தராசு. வாசலில் லாரி போனால் தராசு ஆடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், லாரியைத் திட்டிவிட்டு மறுபடி நிறுப்பாள்.

முட்டை ஓட்டில் ஆரம்பித்தாள். பேக்கரிக்காரர் சாக்கு நிறையக் கொடுத்தார், ஒரு வேலை மிச்சம் என்று. ஓட்டைக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் தோலை உரித்து, காயவைத்து, உலையில் வெள்ளையாகும்வரை சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. எண்ணெயை மாற்ற அது போதும். அன்றிலிருந்து ஆலையில் அவளுக்குப் பெயர் சுண்ணாம்பக்கா. வீட்டில் ஆம்லெட்டுக்கு மேல் ஆம்லெட். "பேக்கரியில குடுக்கறாங்கல்ல, அப்புறம் எதுக்கு நாமளும் சாப்பிடணும்?" என்று கணவர் கேட்டார். "நம்ம ஓட்டுல என்ன கலந்திருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

சுண்ணாம்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றைக் குடிக்கும். உலையிலிருந்து எடுத்து மூடாமல் வைத்தால் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு, பார்க்க அதே வெள்ளையாக, உள்ளே செத்துப்போயிருக்கும். இதை அவள் எல்லாருக்கும் சொன்னாள். கதவில் எழுதியும் ஒட்டினாள். அப்படியும் ஒரு நாள் யாரோ ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்று மேனேஜர் அவளுடைய மணிகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி மேஜை நடுவே வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அதே மணிகளை எண்ணெயில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன மேடம், ஒர்க் ஆகலையே?"

"ஏன் சார் ஆகும்? மீனைத் தரையில போட்டு எல்லாருக்கும் காட்டிட்டு, இப்ப நீந்தச் சொல்றீங்க."

அவள் வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. சுடுவாள், எண்ணெயில் போட்டு ஓட்டுவாள், ஆறவிடுவாள், வடிகட்டுவாள், திட்டுவாள். மகள் வளர்ந்து, அம்மா வழியிலேயே போய், ரசாயனப் பொறியாளராகித் தூரத்து ஊரில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் சேர்ந்தாள். அதற்குள் அம்மாவின் மணிகள் தேறிவிட்டன. முரண்டு பிடிக்கும் பழைய எண்ணெயைக்கூட முன்கூட்டியே பக்குவப்படுத்திக் கொடுத்தால் மாற்றின. வடிகட்டி எடுத்து மறுபடி போட்டாலும் வேலை செய்தன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். காற்று பட்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். மேனேஜர் எஃகில் உயரமான குழாய் ஒன்றைச் செய்யச் சொன்னார். வெல்டிங் வேலை நடந்தது. நீல வண்ணம் பூசினார்கள். அவள் தினமும் வேலை முடிந்து போகும்போது, யாரும் பார்க்காதபோது, அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் விடுமுறைக்கு வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பத் திரும்ப ஓட்டினா குறையுதுன்னியே, எதனாலம்மா?"

"காத்துதான்."

"காத்துதானா?"

"வேற என்ன?"

"கரையலாம்ல?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "என்னது?"

"சுண்ணாம்பு சூடான மெத்தனால்ல கொஞ்சம் கரையும். வேலை செய்யறது உன் மணியா, மணியிலேருந்து கரைஞ்சு போனதான்னு உனக்கு எப்படித் தெரியும்? சூட்டோட வடிகட்டிப் பாத்தியா?"

"ஆறினப்புறம்தான் வடிகட்டணும். மெத்தனால் ஆவி மூக்குல ஏறும். ஆலையில ரூலே இருக்கு."

"ஆறினா கரைஞ்சது திரும்ப மணி மேலயே படிஞ்சுடும்மா. தடயமே இருக்காது. பாதி வேலை நடக்கும்போது, கொதிக்கக் கொதிக்க, மணியை மட்டும் எடுத்துடணும். மிச்சத்தைச் சூட்டுலயே வெச்சுப் பாக்கணும். மணி இல்லாமலே வேலை நடந்தா..."

"நடந்தா?"

"உன் கல்லு கல்லு இல்ல. காஸ்டிக் மாதிரி அதுவும் குடித்தனம் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

கணவர் இருவரையும் பார்த்தார். "சோத்துல கல்லா?"

"சோத்துல இல்லீங்க, என் தலையில. நான் பெத்தது எனக்கே பரீட்சை வைக்குது."

"கேக்கக்கூடாதா?"

"கேக்கலாம்டி. குழாய் செய்யறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம். பெயின்ட் அடிச்சப்புறம் வந்து கேக்கற பாரு!"

விடுமுறை முடியும்வரை அம்மாவும் மகளும் உப்பு, தண்ணீர், துண்டு ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏறும்போது மகள் மறுபடி சொன்னாள். "செஞ்சு பாரும்மா."

"டிரைவர் முறைக்கறான். ஏறு."

செய்யக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நாராகக் கிடந்தது. நாக்கு அங்கேயேதான் போயிற்று. புதுக் குழாயைப் பார்க்கப் பெரிய வாடிக்கையாளர்கள் வருவதற்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, காலை ஷிப்டில், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குடுவையை ஏற்றினாள். உதவிக்குப் பாய்லர் வந்தான். பாய்லரை ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்கும் அதுவே பெயர். நல்லவன். குரல் மட்டும் பெரிது.

பாதி வேலை நடந்திருக்கும் நேரத்தில் புனலைச் சூடாக்கி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, குடுவையைக் கவிழ்த்தாள். மணிகள் வடிதாளில் தங்கின. திரவம் மட்டும் வேறு குடுவையில் இறங்கியது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, மெத்தனால் இருந்த சோதனைக் குழாயில் விட்டாள். இது அந்த ஆலையில் எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். எரிபொருளாக மாறியது கரைந்துவிடும். மாறாத எண்ணெய் அடியில் போய் உட்காரும். அடியில் மஞ்சளாக எண்ணெய் உட்கார்ந்தது. சரி. மணி இல்லாத திரவத்தை மறுபடி சூட்டில் வைத்தாள்.

காத்திருந்து, இன்னொரு குழாயில் விட்டாள். எண்ணெய் குறைந்திருந்தது. இன்னும் காத்திருந்து, இன்னொன்று. அடியில் எதுவும் இல்லை. தெளிவு.

"அக்கா!" பாய்லர் கை தட்டினான். "கண்ணாடி மாதிரி இருக்கு! ஒரு சொட்டு எண்ணெய் கூட இல்ல!"

"வாயை மூடு."

"நல்ல ரிசல்ட் வந்தாலும் திட்டற ஒரே ஆளு நீங்கதான்கா."

"மணி எங்கடா இருக்கு?"

"இதோ, வடிதாள்ல."

"அப்ப குடுவைக்குள்ள இவ்வளவு நேரம் வேலை செஞ்சது யாரு?"

அவன் வடிதாளைப் பார்த்தான், குடுவையைப் பார்த்தான். பிறகு கையைத் தொங்கவிட்டான்.

அன்று வீட்டுக்கு வந்து மகளைத்தான் திட்டினாள், கணவரிடம். அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன? குழாய் ஓடியிருக்கும். எரிபொருள் வந்திருக்கும். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கணவர் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரிக்கிறவர். "கரைஞ்சது எங்க போகும்?" என்று கேட்டார்.

"எரிபொருளோட போகும்."

"அப்ப என் கிட்டதான் வரும்" என்றார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"பயோடீசல் வருதா இல்லையா மேடம்?"

"வருது சார். ஆனா மணி கரையுது. குழாயில போட்டா கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் கீழ போயிடும். எஞ்சின்ல போய் படியும்."

"ஒரு நாளைக்குத் தாங்குமா?"

"ஒரு நாள் தாங்கும்."

"வர்றவங்க ஒரு நாள்தானே இருக்கப் போறாங்க." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். "இத்தனை வருஷம் நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். குழாய் ஓடட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம். நீங்க எதுவும் சொல்ல வேணாம், சும்மா பக்கத்துல நில்லுங்க."

அவள் பக்கத்தில் நின்றாள். குழாய் ஓடியது. கீழே பொன்னிறமாக எரிபொருள் இறங்கியது. அதைப் பார்த்தபோது அவளுக்கே ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைத்தான் நினைத்திருந்தாள், அச்சாக இப்படியே. கூட்டம் கை தட்டியது. வந்தவர்களில் ஒருவர், மரியாதைக்குத்தான், அவள் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. இந்த மணியெல்லாம் எவ்வளவு நாள் உழைக்கும்?"

"உழைக்காது சார்."

"எப்படி?"

"கரையுது. நானே சோதிச்சுப் பாத்துட்டேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அதன் பிறகு என்ன நடக்குமோ அது நடந்தது. ஆலை காஸ்டிக்குக்கே திரும்பியது. நீலக் குழாய் வெயிலில் சும்மா நின்றது. பாய்லர் அதில் துணி காயப்போட்டான், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து. அவளை வாசலில் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் சோதிக்கும் வேலைக்குப் போட்டார்கள். அறையை எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கவும் இல்லை. கேட்டால், "உலை சும்மா இருந்தா போட்டுக்குங்க" என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

உலை சும்மா இருக்கும் மதிய வேளைகளில் மறுபடி ஆரம்பித்தாள். சுண்ணாம்பைத் தனியாக விட்டால் கரையும். ஆகவே எதிலாவது கட்டிப்போட வேண்டும். அலுமினா என்ற கெட்டியான வெள்ளைப் பொடியோடு அரைத்து, உருட்டி, முன்பைவிடக் கடுமையாகச் சுட்டாள். சில மணிகள் வெடித்தன. சில செங்கல்லாகி, கரையவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் மகளுக்குப் போன்.

"எவ்வளவு விகிதம் போட்ட?"

"போட்டேன், அதெல்லாம் சரியாத்தான் போட்டேன்."

"சரியான்னா எவ்வளவு?"

"உங்கிட்ட பேசறதுக்கு அந்த உலைக்குள்ள தலையை விடலாம்."

பிறகு விகிதத்தைச் சொல்வாள். மகளும் குறித்துக்கொள்வாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பீப்பாய் நாற்றம் என்றாள். டாக்டரிடம் போகச் சொன்னவர்களிடம், அங்கே வரிசையில் யார் உட்காருவது என்று கேட்டாள். போயிருக்க வேண்டும். அடுத்த வெயில் காலம் முடிவதற்குள், ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மழை விட்ட ஒரு பகல். புது மணிகள், அதே குடுவை, அதே சூடான புனல். பாதி வேலையில் மணிகளை எடுத்துவிட்டு, திரவத்தில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் விட்டாள். அடியில் எண்ணெய். மிச்சத்தைச் சூட்டில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள், சாப்பிடாமல் மூடினாள். மறுபடி விட்டாள். அடியில் எண்ணெய், அதே அளவு. இன்னும் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்கு வராத கலை. நகத்தைக் கடித்தாள். லாரிகளைத் திட்டினாள். மூன்றாவது குழாய். எண்ணெய் அசையவில்லை. இருந்த இடத்தில் இருந்தது.

பாய்லர் எட்டிப் பார்த்தான். "அடடா. அப்படியே இருக்கே. விடுங்கக்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"முட்டாள்" என்றாள் அன்போடு. கணவருக்குப் போன் செய்து, எண்ணெய் அப்படியே நிற்கிறது என்றாள். அவரும், "பரவாயில்லம்மா, மனசைத் தளரவிடாத" என்றார். ஊரே சேர்ந்து ஆறுதல் சொன்னது. புரிந்துகொள்ளக் கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.

"நின்னுடுச்சுடி."

"என்னம்மா நின்னுடுச்சு? அப்பாவுக்கு ஏதாவது..."

"அவருக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார். ரியாக்ஷன் நின்னுடுச்சு. மணியை எடுத்ததும் எண்ணெய் எங்க இருந்துச்சோ அங்கயே நிக்குது. மணி கரையலடி."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இருக்கியா?"

"சூட்டோடதானே வடிகட்டின?"

"இல்ல, ஐஸ்ல வெச்சு வடிகட்டினேன். கேக்கறா பாரு கேள்வி."

"சரி. இப்ப மணியைத் திரும்பப் போட்டா வேலை நடக்குதா?"

அவள் வடிதாளில் கிடந்த மணிகளைப் பார்த்தாள்.

"ஏன்னா," என்றாள் மகள், "மணி செத்துப்போயிருந்தாலும் இப்படித்தான் நிக்கும்."

"உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா? 'சபாஷ்மா'ன்னு சொன்னா உன் சொத்தா போயிடும்?"

"போட்டுப் பாத்துட்டுச் சொல்லு. சபாஷ் எங்கயும் ஓடிடாது."

"வை போனை."

"வைக்கமாட்டேன். பக்கத்துல வெச்சுட்டுச் செய்."

"உனக்கு ஆபீஸ்ல வேலை இல்லையா?"

"இருக்கு. நீ செய்."

போனை ஜன்னல் கட்டையில் வைத்தாள். வடிதாளில் மணிகள் எண்ணெய் பூசிக்கொண்டு மினுங்கின. அந்தப் பூச்சு இருந்ததால் காற்று அவற்றைத் தொட்டிருக்காது என்று சத்தமாகச் சொன்னாள், போனுக்குக் கேட்க வேண்டும் என்று. தாளை மடித்து மணிகளைச் சூடான திரவத்துக்குள் சரித்தாள். கலக்கியை முடுக்கினாள். பாய்லர் ஒன்றும் புரியாமல் கதவருகில் நின்றான். போக மனம் வரவில்லை போலிருக்கிறது.

முதல் குழாயில் பழையபடி எண்ணெய். "ஒண்ணும் இல்ல" என்றாள். போன் வழியே மகளின் அலுவலகத்தில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவது குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடியை மாட்டினாள். முதல் குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"சும்மா இரு. அவசரப்படுத்தாத."

மூன்றாவதும் விட்டாள். மூன்றையும் வரிசையாக நிறுத்தினாள். சந்தேகம் இல்லை. மெதுவாக, அவளுக்கே எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக, அடியில் இருந்த எண்ணெய் குறையத் தொடங்கியிருந்தது.